‘அங்க வெயிலா?’ என்று கேட்டவள்

ஜெயக்கொடி இறந்த செய்தி இரண்டு துண்டாக என்னிடம் வந்தது. முதல் துண்டைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டேன்.

பாலக்காட்டில் நான் வேலை பார்க்கும் தனியார் மருத்துவமனையின் மருந்தகத்தில் அன்று மத்தியானம் கூட்டம் கொஞ்சம் அடங்கியது. காலையில் அவள் அழைத்துச் சொன்ன நோயாளி என்ன ஆனார் என்று கேட்க அவளுடைய எண்ணுக்கு அடித்தேன். யாரோ ஓர் ஆண் எடுத்து, “நிங்ஙள் சேச்சியுடே ஆரா?” என்று மலையாளத்தில் கேட்டார். அக்காவுக்கு நீங்கள் யார் என்கிறாரே, கடைக்குப் புதிதாக ஆள் வைத்திருக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, கூடப் படித்தவள் என்றேன். தோட்டத்தில் மருந்தடித்து மயங்கியவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். “ஆள் ரட்சப்பெட்டு,” என்றார். ஆள் பிழைத்துவிட்டார். “அப்பாடா!” என்று வாய்விட்டே சொன்னேன். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி ஒரு சிரிப்பும் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் அவர் தயங்கித் தயங்கி, “சேச்சி போயி,” என்றார்.

நம் வகுப்புத் தோழிகளும் தோழர்களுமாக நீங்கள், “அவளைப் பற்றி நீதான் எழுத வேண்டும், நீதானே அவளுக்கு நெருக்கம்” என்று சொல்லிவிட்டீர்கள். நெருக்கம்தான். கை ஓடாததற்கும் அதுவே காரணம். அன்று காலை அவளை அந்த ஜீப்பில் ஏறச் சொன்னது நான். இதைச் சொல்லும்போதெல்லாம் நீங்கள் எல்லாரும் ஒரே குரலில், “விதிப்படி நீ சொன்னது சரி” என்கிறீர்கள். சரிதான், நான் மறுக்கவில்லை. சரியானதைச் சொல்லி ஒருத்தியை அனுப்பிவைத்து, அவள் திரும்பி வராமல் போனால் அந்தச் சரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

அவளை முதலில் பார்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். இடுக்கியின் கம்பம்மெட்டிலிருந்து, ஏலத்தோட்டக் குளிரிலிருந்து, நேராக வாளையார் சாலைப் புழுதிக்கு வந்து இறங்கினாள். லாரிகள் வரிசை கட்டி நிற்கிற அந்த வெயிலில், முழுக்கைக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு, தகரப் பெட்டியோடு நம் பார்மசி கல்லூரி விடுதி வாசலில் நின்றாள். “என்னடி ஊரு இது! அடுப்ப மூட்டிவிட்டுட்டு அணைக்க மறந்துட்டாகளா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அதுதான் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. நான் பாலக்காட்டு எல்லையோரக் கோபாலபுரம் பக்கத்துக்காரி. ஊரைக் குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “உங்க ஊர்ல வேணும்னா குளுகுளுன்னு இருக்கும், போய்ட்டு வாங்க,” என்று வெடுக்கென்று சொன்னேன். “அய்ய, கோவத்துலயும் ‘ங்க’ போட்டுப் பேசுதாக பாரு,” என்று அவள் சிரித்த சிரிப்பில், சண்டை போடும் யோசனையே எனக்குப் போய்விட்டது.

படிப்பு முடிந்து மலையேறிப் போன பிறகும் அந்த வெயிலை அவள் விடவில்லை. எப்போது அழைத்தாலும் முதல் வார்த்தை “அங்க வெயிலா?” என்பதுதான். கார்த்திகை மாதத்தில் அழைத்தாலும் அதுதான். நான், “வெயில்தான், விஷயத்தச் சொல்லு,” என்பேன். எத்தனையோ அழைப்புகளில் ஒன்றில்கூட, “அங்கே மழையா?” என்று நான் திருப்பிக் கேட்டதில்லை. மருந்துக் கடை நடத்துகிறவள் சந்தேகம் கேட்கிறாள், தெரிந்தவள் பதில் சொல்கிறேன் என்கிற தோரணை எனக்கு. படிக்கிற காலத்தில் நான் முதல் மாணவி, அவள் தேறாமல் மறுதேர்வு எழுதிய சப்ளிக்காரி. அந்த வித்தியாசம் இருவருக்கும் மறந்துபோனதாகத்தான் நினைத்திருந்தேன். எனக்கு மறக்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

மூன்றாம் ஆண்டில், மருந்தியல் தாளின் வால் மாதிரி நச்சியல் வந்தது. முதல் வகுப்பில் சார், அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று எல்லாச் சார்களும் சொல்வதைச் சொல்லிவிட்டு, உங்கள் வீட்டில் இருக்கிற நஞ்சு ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள் என்று வரிசையாகக் கேட்டார். எலி மருந்து, பினாயில், மண்ணெண்ணெய், அரளிச் செடி என்று ஆளுக்கொன்று சொன்னோம். நான், தோட்டத்து வீடான எங்கள் சாளையில் அடுக்கி வைத்திருக்கும் பூச்சிமருந்துகளை ரசாயனப் பெயரோடு ஒப்பித்து நல்ல பெயர் வாங்கினேன். ஜெயாவின் முறை வந்தது. “எங்க வீட்டுல ஒண்ணும் இல்ல சார்,” என்றாள். ஏலத்தோட்டத்தில் இருந்துகொண்டு ஒன்றுமே இல்லையா என்று சார் கேட்டார். “தோட்டத்துல இருக்கு சார். எங்க அம்மா அது மேல படுற வேலைதான் செய்யுறாக. ஆனா முதலாளி அத வீட்டுக்குக் குடுத்துவிட மாட்டாக,” என்றாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். சார் மட்டும் சிரிக்காமல், உட்காரச் சொன்னார்.

அந்தத் தாளில்தான் அவள் தேறவில்லை. பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலத்தில் யோசித்து எழுதுவதற்குள் மணி அடித்துவிடும் என்பாள். பூச்சிமருந்து உடம்பில் ஏறினால் தெரிகிற அறிகுறிகளை எழுது என்று ஒரு கேள்வி. நாங்கள் எல்லாரும் முதலெழுத்துகளைக் கோத்து உருப்போட்டதைக் கக்கிவிட்டு வந்தோம். அவள், “லயத்தில் எல்லாக் குழாயும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டது போல் இருக்கும்; கண், மூக்கு, வாய், வயிறு, தோல் எல்லாம் ஒழுகும்” என்பதை ஆங்கிலத்தில் எழுதிவைத்தாள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளைத்தான் லயம் என்பார்கள். திருத்தியவருக்கு லயம் எங்கே தெரியப்போகிறது? சுழித்துவிட்டார். மதிப்பெண் வந்த அன்று அவள் அழவில்லை. “குழாய் மூடிருச்சுடி,” என்று மட்டும் சொன்னாள்.

சப்ளிக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். விடுமுறைக்கு மலைக்குப் போகாமல் எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். எதையும் இரண்டு தடவை விளக்க வேண்டும். மூன்றாவது தடவை அவளே எனக்கு விளக்குவாள், அவளுடைய பாஷையில். சரியா என்று கேட்பாள். சரி என்று நான் சொன்னதும், “நீ சொன்னா சரி,” என்று ஏட்டை மூடிவிடுவாள். அந்த வார்த்தை எனக்கு அப்போது எவ்வளவு பிடித்திருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் அப்படி என்னிடம் சொன்னதில்லை.

அந்த விடுமுறையில்தான் அவளுக்கும் என் அப்பாவுக்கும் நடந்த விவாதம். கேரளப் பக்கம் விற்கக்கூடாது என்கிற சில மருந்துகள் எல்லைக்கு அந்தப் பக்கம் கிடைக்கும். அப்பா பொள்ளாச்சியில் வாங்கி, லேபிளைக் கிழித்துவிட்டு, சோடா பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வருவார். எங்கள் பக்கத்து விவசாயிகள் பலரும் செய்கிற காரியம்தான். சாளையில் வரிசையாக நின்ற சோடா பாட்டில்களைப் பார்த்துவிட்டு ஜெயா, “என்னப்பா, பெட்டிக்கடை வைக்கப் போறீகளா?” என்று கேட்டாள்.

“அட, அது சோடா இல்லீங்க அம்மிணி. சீட்டோட கொண்டாந்தா செக்போஸ்ட்டுல புடிச்சுக்குவாங்கல்லங்க. அதுக்குத்தான் கிழிச்சுப்போட்டு இதுல ஊத்தியாறது,” என்றார் அப்பா. விருந்தாளிப் பெண் என்பதால் மரியாதை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

“கிழிச்ச சீட்டு எங்கப்பா?”

“அடுப்புல போட்டாச்சுங்க.”

“அப்ப மருந்தடிக்கிற ஆளு சுருண்டு விழுந்தா, டாக்டர்கிட்ட என்னத்தச் சொல்லுவீக? சோடா குடிச்சான்னா?”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நான் பாய்ந்து வந்து, அந்த மருந்தைக் கொண்டுவருவதே குற்றம், வேறு பாட்டிலில் ஊற்றுவது அதைவிடக் குற்றம், எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும் என்று ஒரு பிரசங்கம் செய்தேன். அப்பா எருமைக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். ஜெயா அவர் பின்னாலேயே போனாள். “அப்பா, நான் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீக. கிழிக்கிறதுதான் கிழிக்கிறீக, கிழிச்சத எறியாதீக. ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வையுங்க. அடிக்கப் போற ஆளு அத இடுப்புல சொருகிக்கிடட்டும். அப்புறம், சோடா பாட்டில் மட்டும் வேணாம்ப்பா. தாகத்துல யாராச்சும் எடுத்துக் குடிச்சுட்டா என்ன செய்வீக?”

என் பிரசங்கத்தால் எங்கள் தோட்டத்தில் ஒன்றும் மாறவில்லை. அவள் சொன்னது இரண்டும் நடந்தது. சோடா பாட்டில் அந்த மாதத்தோடு போயிற்று. மோட்டார் அறை ஆணியில் இன்றைக்கும் லேபிள் கவர் தொங்குகிறது. அவள் ஊருக்குக் கிளம்பியபோது, அம்மா பொள்ளாச்சி பஸ் வரும்வரை கூடவே நின்று, “பாத்துப் போ கண்ணு, பாத்துப் போ,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் பக்கம் முக்குக் கடைக்குப் போகிறவர்களுக்குக்கூட அப்படிச் சொல்லித்தான் அனுப்புவோம். ஜெயா பஸ் படியில் நின்றுகொண்டு, “பாக்காம கண்ண மூடிக்கிட்டா போவேன்?” என்று கேட்டாள். அம்மா, “வாயப் பாரு,” என்று சிரித்தார்.

தேறினாள். கம்பம்மெட்டு முக்கில் சொந்தமாக மருந்துக் கடை போட்டாள். கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டு, தோட்ட வேலையிலிருந்து நின்ற அம்மாவோடு கடைக்குப் பின்னாலேயே குடியிருந்தாள். ஏலக்காய்ப் பருவத்தில் ஒரு தடவை நான் போயிருந்தேன். காலையில் மருந்தடிக்கப் போகிற ஆட்கள் கடை வாசலில் நின்று போவதைப் பார்த்தேன். ஒவ்வொருவர் இடுப்பிலும், மேலே கட்டிய சாக்குக்கு உள்பக்கமாக, ஊக்கு குத்திய ஒரு கவர். உள்ளே கிழித்த லேபிள். எங்கள் சாளையில் பிறந்த யோசனை மலையேறி இத்தனை இடுப்புகளில் தொங்குகிறது என்று பார்த்து எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். நான் சொன்னது, “அந்தச் சீட்டுலயே மருந்து ஒட்டியிருக்கும் புள்ள, உடம்போட வெச்சா அதுவும் ஆகாது.” அவள் ஊக்கையும் கவரையும் எடுத்துக் காட்டினாள். “தெரியும்டி. அதான் ரெட்டைக் கவரு,” என்றாள்.

அன்று ஒரு தோட்டத்து மேற்பார்வையாளர் வந்து சத்தம் போட்டார். லேபிளைச் சேர்த்து வைத்து அதிகாரிகளிடம் காட்டிக்கொடுக்கத்தானே இந்த ஏற்பாடு என்றார். ஜெயா தலைவலி மாத்திரை ஒன்றைக் கிழித்து அவர் முன்னால் வைத்தாள். “அண்ணாச்சி, நான் போலீஸ் இல்ல. சீட்டு என் கையில இல்ல, உங்க ஆளு இடுப்புல இருக்கு. அவரு விழுந்தா மட்டும்தான் அத நான் படிப்பேன். விழாம பாத்துக்கோங்க, ஒரு எழுத்துப் படிக்க மாட்டேன்.” அவர் மாத்திரையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடையின் மேல்தட்டில் அட்ரோபின் ஊசிமருந்துப் பெட்டி எப்போதும் இருக்கும். பூச்சிமருந்து ஏறியவருக்கு மருத்துவர் முதலில் தேடுகிற மருந்து அது. வாங்கி வைத்து, யாருக்கும் தேவைப்படாமலே தேதி முடிந்து, தூக்கிப்போட்டுப் புதிதாக வாங்குவாள். வீணாகப் போகிறதே என்று நான் கேட்டதற்கு அவள் சொன்னதை இப்போதெல்லாம் அடிக்கடி நினைக்கிறேன். “இது காலாவதியாகிப் போனா நல்ல சேதிடி. இந்த வருசம் ஒருத்தரும் விழலேன்னு அர்த்தம்.” இதை அவள் தத்துவமாகச் சொல்லவில்லை, தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

இனி அந்தக் காலை. எனக்கு இதை எழுதத்தான் பயம்.

வழக்கமான முதல் வார்த்தை அன்று இல்லை. எடுத்ததும், “சுமதி, ஒருத்தரு விழுந்துட்டாரு. பாண்டின்னு, மருந்தடிக்கிறவரு,” என்றாள். நான் உடனே பரீட்சை வைக்க ஆரம்பித்துவிட்டேன். கண் பார்த்தாயா என்றேன். “பாத்தேன். கண்ணுப் பாப்பா கடுகு கணக்கா சுருங்கிருச்சு. வாயில நுரை, மேலெல்லாம் வேர்வை. குழாய் அத்தனையும் தெறந்துருச்சுடி.” துணியைக் கழற்றினாயா என்றேன். கழற்றி, சோப்புப் போட்டுக் கழுவி, ஒருக்களித்துப் படுக்க வைத்தாகிவிட்டது. கவரிலிருந்த லேபிளை எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவள் நினைத்த மருந்துதான், நானும் உறுதி செய்தேன். ஆஸ்பத்திரிக்கும் சொல்லிவிட்டாள். முந்தின நாள் வந்த ஒருவருக்கே அட்ரோபின் கையிருப்பில் பெரும்பகுதி செலவாகிவிட்டதாம், இருந்தால் கொடுத்தனுப்பச் சொன்னார்களாம்.

“நம்ம பெட்டியக் குடுத்துவிடவா? ஜீப்புல கூடப் போற ஒருத்தரு, எனக்கு ஊசி போடத் தெரியும், வழியிலயே போட்டுருதேன்ங்கிறாரு.”

“வேண்டவே வேண்டாம். அளவு தெரியாம ஏத்திட்டா அதுவே ஆளக் கொன்னு போடும். ஆருகிட்டயும் குடுக்காத புள்ள. நீயே கொண்டுபோயி டாக்டர் கையில குடு.”

“கடைய அடைச்சுட்டா?”

“அடைச்சுட்டுத்தான். சீக்கிரம் கெளம்பு.”

“நீ சொன்னா சரி,” என்றாள். வைத்துவிட்டாள்.

இவ்வளவுதான். இதில் எந்த வரி தப்பு என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்றும் தப்பில்லை. மாணவர்களுக்குப் பாடம் எடுத்தால் இதையே மாதிரிப் பதிலாகக் கொடுக்கலாம். நான் அதைச் சொன்னபோது என் ஜன்னலுக்கு வெளியே பாலக்காட்டு வெயில் தார் உருகக் கொளுத்திக்கொண்டிருந்தது. அங்கே விடியற்காலையிலிருந்து மழை பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. வளைவொன்றில் சரிந்து கிடந்த மண்ணில் ஜீப்பின் சக்கரம் வழுக்கி, அவள் உட்கார்ந்திருந்த பக்கம் பாறையில் மோதியது. ஓட்டியவருக்குக் கையில் அடி. பின்னால் வந்த காய்கறி வண்டிக்காரர்தான் பாண்டியை ஏற்றிக்கொண்டு போனார். மருந்துப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனார். அவள் துப்பட்டாவைச் சுருட்டிப் பெட்டியைச் சுற்றி மடியில் இறுக்கி வைத்திருந்தாளாம். ஒரு ஊசிமருந்தும் உடையவில்லை. பாண்டி பிழைத்தது அதில்தான். என்னிடம் பேசியவரும் அந்த வண்டிக்காரர்தான்.

மழை என்று தெரிந்திருந்தால் போக வேண்டாமென்று சொல்லியிருப்பேனா? ஓர் ஆள் மூச்சுக்குத் தவிக்கும்போது அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். சொல்லியிருந்தாலும் அவள் கேட்டிருக்க மாட்டாள். மனசாட்சிக்குப் பயந்து யோசித்தாலும் இதே இடத்தில்தான் வந்து நிற்கிறேன். ஆனால், “பாத்துப் போ” என்று சொல்லியிருப்பேன். முக்குக் கடைக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிற அதை, மழையில் மலைப்பாதையில் இறங்குகிறவளுக்கு நான் சொல்லவில்லை. “சீக்கிரம் கெளம்பு” என்றேன். நான் எது சொன்னாலும் அப்படியே செய்கிறவளிடம் சீக்கிரம் என்று சொன்னேன்.

பழனி, தேனி, கம்பம் வழியாகப் போய் மலையேறினேன். கடைக் கதவு முழுக்க இறக்கிப் பூட்டியிருந்தது. அவளுடைய குடை உள்ளேயே தொங்கிக்கொண்டிருந்ததாம். அவள் அம்மா பேச்சியம்மாளின் முன்னால் உட்கார்ந்ததும், வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை. “நான்தானுங்கம்மா அவளப் போகச் சொன்னேன்,” என்று நேராகச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

“அவ என்ன சொன்னா?”

“நீ சொன்னா சரின்னாளுங்க.”

“அப்பச் சரியாத்தான் இருக்கும்,” என்றார். என் கையை எடுத்து பால் விடாத ஒரு கட்டங்காப்பி டம்ளரைப் பிடிக்க வைத்தார். அவர் என்னை ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். மகள் என் மேல் வைத்திருந்த நம்பிக்கையை, மகள் போன பிறகு எடுத்து அவரும் வைத்துக்கொண்டார். அந்தக் காப்பியை நான் எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை.

நான் அங்கே தங்கியிருந்த நாட்களில், ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியதும் ஒரு சாயங்காலம் பாண்டி வந்தார். உடம்பு இன்னும் தேறவில்லை, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு முற்றத்திலேயே நின்றார். கையில் அந்த ரெட்டைக் கவர். “அன்னைக்கு மூஞ்சில துணி கட்டாம அடிச்சுட்டேன்மா. ஈரத் துணி மூச்ச அடைக்குதுன்னு அவுத்துப் போட்டேன். கட்டியிருந்தா அக்கா இருந்திருப்பாக,” என்று என்னிடம் சொன்னார். நான் யார் என்றே அவருக்குத் தெரியாது. “உங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க,” என்றேன். உங்களெல்லாரிடமிருந்தும் நான் வாங்கிக்கொண்டிருந்த அதே வார்த்தை. அது அவருக்குள் இறங்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அவரும் மரியாதைக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். உங்களிடம் நானும் அப்படித்தான் ஆட்டினேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஊர் திரும்பி அப்பாவிடம் சொன்னேன். மோட்டார் அறைக்குப் போய்விட்டு வெகு நேரம் கழித்து வந்தார். “அந்தப் புள்ள சொன்னதுக்கப்பறம் நம்ம காட்டுல ஒரு ஆளு உளுகுலீங்க,” என்று அம்மாவிடம் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது.

அவளுடைய ஞாபகமாக எதை வைத்திருக்கிறாய் என்று கேட்டால், பொருள் ஒன்றும் இல்லை. புகைப்படத்தில்கூட அவள் கண்ணை மூடியிருப்பாள். லேபிள் கவர் ஊருக்குச் சொந்தம், அதை ஆட்கள் வைத்துக்கொள்வார்கள். எனக்கு என்று நான் எடுத்துக்கொண்டது அவளுடைய கேள்வியை. மருந்தகத்துக்கு யார் அழைத்துச் சந்தேகம் கேட்டாலும், பதிலுக்கு முன்னால், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், அங்கே வெயிலா மழையா, எதில் வருவீர்கள் என்று இப்போது கேட்கிறேன். பக்கத்தில் நிற்கிற பெண்கள் தங்களுக்குள் பார்த்துக்கொள்கிறார்கள். பார்த்துக்கொள்ளட்டும். பதில் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அவள்தான் முதலில் வெயிலை விசாரித்தாள். எதிர்முனையில் ஓர் ஆள் ஓர் ஊரில், ஒரு வானத்துக்குக் கீழே நிற்கிறார் என்பது அவளுக்கு எப்போதும் நினைவிருந்தது. எனக்கு நினைவு வருவதற்கு அவள் போக வேண்டியிருந்தது. இந்தக் குற்ற உணர்வு தேய்ந்துவிடும் என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். தேய வேண்டாம் என்றுதான் எனக்கு இருக்கிறது.

போன வாரம் வேலை நடுவில் என் கைபேசியில் ‘ஜெயா’ என்று பெயர் வந்தது. கையிலிருந்த மாத்திரை அட்டையைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன். அவள் அம்மா.

“அங்க வெயிலாம்மா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை மகள் யாரிடமிருந்து வாங்கினாள் என்று அப்போதுதான் புரிந்தது.

“வெயில்தானுங்கம்மா,” என்றேன். பிறகு, “அங்க மழைங்களா?” என்று கேட்டேன்.

“இப்பத்தான் விட்டுச்சு. ரோடெல்லாம் ஈரமாக் கெடக்கு. ஆஸ்பத்திரிக்காரங்க அந்தப் பெட்டித் துணியக் குடுத்துவிட்டிருக்காகளாம், அவ துப்பட்டா. முக்குல ஜீப்புக்காரரு வச்சிருக்காராம். போயி வாங்கிட்டு வரலாம்னு கெளம்புனேன். அதுக்குள்ள ஒனக்கு ஒரு போன் போடுவோம்னு தோணுச்சு.”

வரிசையில் நின்றவர்கள் மருந்துச் சீட்டை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

“பாத்துப் போங்கம்மா,” என்றேன். “மெதுவாப் போங்க. ஓரமாப் போங்க. போய்ச் சேந்ததும் ஒரு போன் பண்ணுங்க, நான் எடுக்கறனுங்க.”